இடப்பக்கம் தெரியும் துப்பாக்கி

குரபாங் நினைவு மண்டபத்தில் புதிதாக ஒரு கண்ணாடிப் பேழை வைக்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்றே ஆல்வின் ட்ரெகியர் தன் துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே துடைக்கப்பட்டுத்தான் இருந்தது.

இரண்டாம் உலகப்போரின்போது, எங்கள் நாட்டு ராணுவத்துக்குத் துப்பாக்கி செய்த லித்கோ தொழிற்சாலையால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. அதனால் சுற்றியுள்ள சின்ன ஊர்களில் கிளைகள் திறந்தார்கள். எங்கள் ஊர்க் கிளை ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த கம்பளிக் கொட்டகையில் நடந்தது. ஆண்கள் போருக்குப் போய்விட்டதால் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். முழுத் துப்பாக்கி அங்கே செய்யவில்லை. சின்னச் சின்ன இரும்புப் பாகங்கள் செய்து, ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயருக்கு அடையாளமாக ‘கே.ஏ.’ என்ற முத்திரையும் வருடமும் குத்தி, ரயிலில் லித்கோவுக்கு அனுப்பினார்கள். பேழை அந்தப் பெண்களுக்காக வைக்கப்படுவது. மேல்பகுதியில் ஒரு புகைப்படம் வரும். தலையில் துணி கட்டிய ஒரு பெண் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்று சன்னல் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கும் படம். அந்தப் பெண் தெல்மா ட்ரெகியர், ஆல்வினின் அம்மா. கீழே ஒரு துப்பாக்கி வேண்டும்.

“எங்கம்மா படத்துக்குக் கீழ வேற எவன் துப்பாக்கியும் வரக்கூடாது” என்றார் ஆல்வின். வாழ்நாள் முழுக்க டிராக்டர் விற்றவர், எதையும் கெஞ்சிக் கேட்டுப் பழக்கமில்லாதவர். இதை மட்டும் அவர் எங்கள் துப்பாக்கிக் கழகத்தில் எல்லோரிடமும், சிலரிடம் இருமுறையும் சொன்னார்.

மண்டபக் குழுச் செயலாளர் ஜூடித் ஹாலோரன் ஒரு நிபந்தனை வைத்தார். துப்பாக்கியின் பாகங்கள் எல்லாம் அசல்தான் என்று எங்கள் கழகம் சான்று தரவேண்டும். போலிப் பழம்பொருட்கள் பற்றி அவர் தொலைக்காட்சியில் ஏதோ பார்த்திருந்தார். கழகத்தில் சோதனை செய்வது என் வேலை. நான் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்த்துப் பிழைத்தவன். ஒரு பொருளைக் கழற்றிப் பார்க்கும் சாக்குக் கிடைத்தால் விடமாட்டேன் என்பதால்தான் இந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எதிர்பாராத விதமாக இரண்டாவது துப்பாக்கி ஒன்றும் போட்டிக்கு வந்தது. கொண்டுவந்தவள் ரோண்டா காஸ்டிகன். செம்மறிப் பண்ணை நடத்துபவள், எங்கள் கழகத்தின் மிகச் சிறந்த குறிசுடுபவள்.

“உனக்கு எதுக்கு இது?” என்றார் ஆல்வின்.

“நீ ஒருத்தன் மட்டும் ஓடுற ரேஸ்ல என்னய்யா சுவாரசியம் இருக்கு?” என்றாள் ரோண்டா.

இந்த இடத்தில் ‘அசல்’ என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ராணுவத் துப்பாக்கி ஒரே நாளில் பிறந்து அப்படியே இருக்கிற பொருள் அல்ல. சண்டைக்குப் போகும், உடையும், பட்டறைக்குத் திரும்பும். அங்கே பத்துத் துப்பாக்கிகளைக் கழற்றிக் குவித்து, நல்லதை எடுத்துப் பூட்டி ஒன்பதாக வெளியே அனுப்புவார்கள். பிறகு ராணுவம் வேண்டாம் என்று விற்றுவிடும். விவசாயி வாங்கி முன்கட்டையை அறுத்து முயல் சுடுவான். கடைசியில் நம் கைக்கு வரும்போது எந்தப் பாகம் எப்போது ஏறியது என்று அந்தப் பாகத்தைத்தான் கேட்கவேண்டும். அது பதில் சொல்லும். உடலில் குத்திய எண், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் பின்பக்கம், முன்கட்டையின் அடி, குழல் முனையிலுள்ள இரும்பு மூக்கு, பின்குறி எல்லாவற்றிலும் இருக்கிறதா என்று பார்க்கலாம், போர்க்காலப் பட்டறைகள் அவசரத்தில் குத்தாமல் விட்டவையும் உண்டு. முத்திரையைப் பார்க்கலாம். மரத்தைப் பார்க்கலாம். முதல் உலகப்போர்க் காலத் துப்பாக்கியில் வால்நட் மரம். இரண்டாம் போர்க்காலத்தில் உள்ளூர் கோச்வுட். அறுத்தால் சீனிப்பாகு போல மணக்கும், ஆனால் மென்மையான மரம். சுடும்போது வரும் உதையை அதனால் தாங்க முடியாது என்பதால், உதை விழும் இடத்தில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அந்த எளிய யோசனையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம்.

ஆல்வின் தன் துப்பாக்கியை ஒரு பண்ணை ஏலத்தில் வாங்கியபோது அது கலப்படமாகத்தான் இருந்தது. உடலும் குழலும் போல்ட்டும் 1918. மற்றதெல்லாம் நாற்பதுகளில் ஏறியது. உடலின் கழுத்தில் ‘மறுசீரமைப்பு, 1943’ என்று முத்திரையே இருந்தது. ஆல்வின் அந்த முத்திரையைப் பொதுக் கழிப்பறைச் சுவரில் எவனோ கிறுக்கியதைப் பார்ப்பதைப் போலப் பார்த்தார். அதன்பிறகு அவருடைய ஓய்வுக்காலம் முழுக்க ஒரே வேலை: 1918 அல்லாத ஒவ்வொரு பாகத்தையும் கழற்றி, 1918 பாகத்தைத் தேடிப் பூட்டுவது. மூக்கு டாஸ்மேனியாவிலிருந்து வந்தது. பின்குறி ஒரு விதவையிடமிருந்து, அவர் கணவரின் இறுதிச்சடங்கு முடிந்த வாரத்தில் வந்தது. கழற்றியதையெல்லாம் ஈஸ்டர் சந்தையில், கழகம் சாசேஜ் சுட்டு விற்கும் மேசைக்குப் பக்கத்தில் பரப்பிவிடுவார்.

வாங்குபவள் எப்போதும் ரோண்டா. அவள் மாமாவின் துப்பாக்கியில் கட்டையைக் கரையான் தின்றிருந்தது, சின்ன இரும்புகளைத் துரு தின்றிருந்தது. மிச்சமிருந்த உடல், குழல், போல்ட் மூன்றோடு ஆல்வின் கழித்துப் போட்டதையெல்லாம் பூட்டி, அதைக் கொண்டு வருடா வருடம் கோப்பை வாங்கினாள். அந்தத் துப்பாக்கிக்கு ‘தெருநாய்’ என்று பெயர்.

சோதனை ஒரு சனிக்கிழமை மதியம் கழக அறையில் நடந்தது. ஜூடித் லாமிங்டன் கேக் கொண்டுவந்திருந்தார். அதை மேசையில் வைக்கக்கூடாது என்று ஆல்வின் சொன்னதால் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் ஆல்வினுடையது. இந்த ரகத்தில் எதையும் கழற்றும் முன் ஒரு விதி உண்டு: முன்கட்டையை எடுக்காமல் பின்கட்டையைத் தொடக்கூடாது. பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளத் திருகின் நுனி சதுரம். அது முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் பொருந்தி நிற்கிறது. முன்கட்டை இருக்கும்போதே அதைத் திருகினால் சதுரம் சுழன்று, மரத்தை உள்ளிருந்து பிளந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் எங்கள் கழகத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

ஒவ்வொரு பாகமாகப் பச்சைத் துணியில் வைத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வெவ்வேறு துப்பாக்கிகளிலிருந்து வந்தவை என்பதால் எண்கள் பொருந்தாது, வருடம்தான் கேள்வி. வால்நட் கட்டை, சரி. மூக்கு, சரி. குறி, சரி. திருகுகள்கூட அந்தக் காலத்துத் திருகுகள். ஆல்வின் என் தோளுக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

“கீத், அந்தத் தோள்வார் வளையத்தைப் பாரு. அதைத் தேடி நான் பெர்த் வரைக்கும் போனேன்.”

“பாத்துட்டேன்.”

“இன்னொரு தடவ பாரு.”

பார்த்தேன். ஒரே ஒரு சிக்கல்தான். தவறிச் சுட்டுவிடாமல் தடுக்கும் சேஃப்டி லீவர் சரியாகப் பூட்டவில்லை. பின்னால் சாய்த்தால் பாதி தூரம் வந்து தளர்ந்து நின்றது.

“அது எப்பவுமே அப்படித்தான்” என்றார் ஆல்வின். “வயசாயிடுச்சில்ல.”

“ஆனா பதினெட்டாம் வருஷத்து லீவர்தான?”

“சந்தேகமே வேணாம்.”

சந்தேகமில்லை. “எல்லாப் பாகமும் 1918, எல்லாம் சரி” என்று நான் சொன்னேன். ஆல்வின் தன் வாழ்நாளில் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

அப்போது ஜூடித் கேட்டார். “ரொம்ப நல்லதுங்க. இதுல நம்ம ஊர்ல செஞ்சது எது?”

ஆல்வின் நிமிர்ந்து பார்த்ததும் ஜூடித் விளக்கினார்.

“எங்க கொட்டகையில செஞ்ச பாகம், அது எதுன்னு ஒரு அட்டை எழுதி வைக்கலாம்னு பாத்தேன்.”

“இது லித்கோ துப்பாக்கிம்மா” என்றார் ஆல்வின். “எங்கம்மா வேலை பாத்ததும் லித்கோவுக்குத்தான்.”

“அது புரியுது. ஆனா இது பதினெட்டாம் வருஷம்னு சொல்றீங்க. தெல்மா பொறந்தது இருபத்திமூணுன்னு படத்துக்குப் பின்னால எழுதியிருக்கே?”

ஆல்வின் துப்பாக்கியைப் பார்த்தார். ஒரு பாகம் முன்வந்து உண்மையை ஒப்புக்கொள்ளும் என்று அவர் எதிர்பார்த்ததைப் போல இருந்தது. எதுவும் வரவில்லை. அவ்வளவு சுத்தமாக 1918.

“அப்ப கொட்டகை?” என்று ஜூடித் தயக்கத்தோடு கேட்டார்.

“கொட்டகையில அப்ப கம்பளி இருந்துச்சு” என்றாள் ரோண்டா.

தெருநாயை எடுத்து மேசையில் வைத்தாள். நான் திருப்பிப் பார்த்தேன். கோச்வுட் கட்டை, செம்புத் தகடு. இடப்பக்கம் சேஃப்டி லீவர். கட்டைவிரல் படும் இடத்தில் தேய்ந்து போயிருந்தாலும் முத்திரை தெளிவாகத் தெரிந்தது: கே.ஏ. 43.

“எங்க கெடச்சுது இது?” என்று ஜூடித் ஆவலோடு எட்டிப் பார்த்தார். கேக் மடியிலிருந்து சரிந்தது.

“ஆல்வின்கிட்ட வாங்கினேன். சாசேஜ் மேசைக்குப் பக்கத்துல. ‘குப்பை, எடுத்துட்டுப் போ’ன்னு சொன்னாரு. நானும் எடுத்துட்டுப் போயிட்டேன்.”

ஆல்வின் தலையை ஆட்டி மறுத்தார். “அது அசலுன்னு யாரு சொன்னது? நான் வாங்குறதுக்கு முன்னாலயே எந்த விவசாயியாவது மாட்டியிருப்பான். நாப்பத்திமூணுலயே என் துப்பாக்கியில ஏறினதுன்னு என்ன அத்தாட்சி?”

கேள்வி நியாயமானது. பாகம் சரியான வருடம் என்பது ஒன்று. இந்தத் துப்பாக்கியில்தான் வாழ்ந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். நான் ரோண்டாவின் அனுமதியோடு லீவரைக் கழற்றி, அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். செய்தவர் கையிலிருந்த அரம் ஓரத்தில் சரியாக இழுபடாமல் ஒரு சிறு பிசிறு விட்டிருந்தது. போர்க்கால அவசரம். பிறகு ஆல்வினின் துப்பாக்கி உடலை விளக்குக்குக் கீழே சாய்த்தேன். லீவர் உட்காரும் இடத்தில், பழைய நீலப் பூச்சின் மேல், பல வருடம் உராய்ந்தால் மட்டுமே விழும் மெல்லிய ஒரு கீறல் பிறை வடிவத்தில் இருந்தது.

“அந்தக் கீறல் எனக்குத் தெரியும்” என்றார் ஆல்வின் எரிச்சலோடு. “என் கண்ணை உறுத்திக்கிட்டே இருக்கும். பாலிஷ் போட்டு எடுத்திருப்பேன். ஆனா பழைய பூச்சைத் தொடக்கூடாதுன்னு விட்டேன்.”

சேகரிப்பாளர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு கட்டுப்பாடு உண்டு. பூச்சைத் தொடமாட்டார்கள். மற்ற எதையும் தொடுவார்கள்.

கே.ஏ. லீவரை அவருடைய உடலில் பொருத்தினேன். இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும். லீவரின் தண்டு உள்ளே போய், பின்னால் சாய்க்கும்போது சுடும் ஊசியின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. அதே தண்டில் மரை உண்டு, மரையில் ஒரு சின்னத் துண்டு ஏறியிருக்கும். தண்டு சுழலும்போது துண்டு உள்நோக்கி நகர்ந்து போல்ட்டைப் பூட்டும். ஒரே அசைவில் இரண்டு பூட்டு. ஆனால் அது சாதாரண மரை அல்ல. பல தொடக்கங்கள் உள்ள மரை. துண்டு எந்தத் தொடக்கத்திலும் ஏறும், சரியானது ஒன்றுதான். மற்றவற்றில் ஏற்றினால் பாதியிலேயே தளர்ந்து நிற்கும். ஆல்வின் 1918 லீவரை மாட்டும்போது தப்பான தொடக்கத்தில் ஏற்றிவிட்டு, வயதின்மேல் பழி போட்டிருந்தார்.

சரியான தொடக்கத்தில் ஏற்றி, பூட்டித் திருகினேன். கட்டைவிரலால் பின்னால் தள்ளினேன். பிசிறு அந்தப் பிறைக் கீறலின் மேலேயே, இம்மி பிசகாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போனது. கடைசியில் ‘டக்’ என்றது.

“பேசுதே” என்றார் ஜூடித்.

ஆல்வின் வாங்கி முன்னும் பின்னும் தள்ளினார். டக். டக். வெகுநேரம் அதையே செய்தார். பிறகு கேட்டார்.

“இது அவங்க செஞ்சதா இருக்குமா?”

“தெரியாது. ஊரும் வருஷமும்தான் இருக்கு. ஆள் பேரு இல்ல. உங்கம்மா எந்த வேலையில இருந்தாங்க?”

“சொல்லியிருக்காங்க. கட்டைவிரல் அளவுக்கு ஏதோ சின்னதுன்னு. நாளெல்லாம் அரத்தால தேய்க்கணும், தோள் விட்டுப் போகும்னு.” லீவரைத் தள்ளினார். டக். “நான் அப்ப எதோ சீரியல் நம்பர் பாத்துக்கிட்டிருந்தேன்.”

 ரோண்டா ஒரு லாமிங்டனை எடுத்து, மேசைக்கு வெளியே நீட்டிய கையில் வைத்துக்கொண்டு தின்றாள்.

பிறகு ஆல்வின் நிமிர்ந்தார். டிராக்டர் விற்கும் குரல் திரும்பியிருந்தது. “சரி, விஷயம் முடிஞ்சுது. இந்த லீவர் என்னோடதுல இருக்கட்டும். மத்ததெல்லாம் பதினெட்டு. கையெழுத்துப் போடு கீத்.”

“முடியாது” என்றேன்.

“ஏன் முடியாது? ஒவ்வொண்ணும் அசல்தான?”

“ஒவ்வொண்ணும் அசல்தான். ஆனா பதினெட்டாம் வருஷக் கட்டையும் நாப்பத்திமூணாம் வருஷ லீவரும் சேந்து இருந்த துப்பாக்கி எந்த நாள்லயும் இருந்ததில்லையே. இன்னிக்கு மதியம்தான் பொறந்திருக்கு. அம்மா வேணும்னா கட்டையும் மாறணும். பதினெட்டு வேணும்னா லீவர் போகணும்.”

“ரெண்டும் வேணும்.”

“அது மட்டும் நடக்காது.”

ரோண்டா விரலில் ஒட்டிய தேங்காய்த் துருவலைத் தட்டினாள். “லீவரை மட்டும் நானும் தரமாட்டேன். எடுத்தா எல்லாத்தையும் எடு. கட்டை, மூக்கு, குறி, வளையம், எல்லாம். உன் பதினெட்டையெல்லாம் எனக்குக் குடு.”

“உனக்கெதுக்கு என் பாகங்க?”

“துப்பாக்கிக்குக் கட்டை வேணாமா? குழலைக் கையில பிடிச்சா சுடுறது?”

“டாஸ்மேனியாவிலேருந்து வந்த மூக்கும்மா அது!”

“என் செம்மறிங்க அதுக்கு மரியாதை குடுக்கும். கவலைப்படாத.”

ஆல்வின் கே.ஏ. லீவரைத் தானே கழற்றி ரோண்டாவின் முன் வைத்துவிட்டு, தன் 1918 லீவரைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நான் சரியான தொடக்கத்தைக் காட்டிக்கொடுக்க முன்வந்தேன். தேவையில்லை என்றார்.

பேழை திறக்கும் நாள் நெருங்கியது. ஜூடித் எனக்குத் தொலைபேசியில், துப்பாக்கி இல்லாமல் படத்தை மட்டும் வைத்துவிடலாமா, அல்லது ரோண்டாவுடையதையே வைத்துவிடலாமா என்று கேட்டார். ரோண்டாவுடையதில் வெளிப்பாகங்கள் ஆல்வினின் துப்பாக்கியில் இருந்தவை, உடலும் குழலும் வேறு குடும்பம் என்று விளக்கினேன். மிகவும் விரிவாக விளக்கினேன். பாதியில் அவர் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்றார்.

அடுத்த சனிக்கிழமை கழக அறையைத் திறக்கப் போனால் வாசலில் ஆல்வின் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் துப்பாக்கிப் பெட்டி, மடியில் தன் சொந்தத் திருப்புளிகள். அவற்றின் நுனியை ஒவ்வொரு திருகின் காடிக்கும் தகுந்தபடி அவரே அரத்தால் தேய்த்து வைத்திருப்பார், திருகுத் தலை கீறக்கூடாதென்று.

“ரோண்டாவை வரச்சொல்லு” என்றார். “எல்லாத்தையும் கொண்டுவரச் சொல்லு.”

அன்று காலை முழுக்க இரண்டு துப்பாக்கிகளும் பச்சைத் துணியில் பக்கத்துப் பக்கத்தில் கழற்றிப் போடப்பட்டிருந்தன. போல்ட்டுகளை மட்டும் மாற்றவில்லை. ஒரு போல்ட் அதன் உடலுக்கென்று அளந்து பொருத்தப்பட்டது, மாற்றினால் ஆபத்து. மற்றதெல்லாம் மேசையைத் தாண்டிப் போயின, வந்தன. நான் உதவப் போனால் ஆல்வின் கையைத் தட்டிவிட்டார். வால்நட் முன்கட்டையை எடுத்துக் கொடுக்கும்போது ரோண்டாவிடம் சொன்னார்: “வருஷத்துக்கு ரெண்டு தடவ எண்ணெய் தடவு. அதிகம் தடவாத.”

“ஆட்டுக்கே நான் அவ்வளவு செய்றதில்ல.”

“தடவுவியா மாட்டியா?”

“தடவுறேன்யா. போதுமா?”

டாஸ்மேனியா மூக்கை அவள் கையில் வைத்துவிட்டு, அது அங்கே இருக்கிறதா என்று இருமுறை திரும்பிப் பார்த்தார். லீவரைக் கடைசியாக வைத்திருந்தார். மரைத் துண்டைத் தண்டில் ஏற்றினார், இறக்கினார், அடுத்த தொடக்கத்தில் ஏற்றினார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்; எனக்கு அது எளிதான காரியம் அல்ல. கடைசியில் ‘டக்’ என்றது.

“இப்ப போடு கையெழுத்து” என்றார். போட்டேன்: உடல், குழல், போல்ட் 1918, மற்றவை 1943 மறுசீரமைப்பில் ஏறியவை, இதில் எதையும் யாரும் திருத்தவில்லை. கடைசி வரி கறாராகப் பார்த்தால் பொய். ஆனால் திருத்தியவரே திருத்தத்தைத் திருத்திவிட்டால் அதை என்னவென்று எழுதுவது என எனக்குத் தெரியவில்லை.

போலீஸ் சார்ஜென்ட் சொன்னபடி சுடும் ஊசியை எடுத்துவிட்டோம். மண்டபத்தில் தச்சர் துப்பாக்கியை எல்லோரும் மாட்டுவதைப் போல, குழல் வலப்பக்கம் நோக்க, போல்ட்டின் கைப்பிடி வெளியே தெரிய மாட்டினார். ஆல்வின் வந்து பார்த்துவிட்டு, திருப்பி மாட்டச் சொன்னார். லீவர் இருப்பது இடப்பக்கம். வழக்கப்படி மாட்டினால் அது சுவரைப் பார்க்கும்.

“இது முறை இல்லைங்களே” என்றார் தச்சர்.

“தெரியும்” என்றார் ஆல்வின்.

ஆக, குரபாங் நினைவு மண்டபத்தில் இருப்பது இந்த நாட்டிலேயே முதுகைக் காட்டி நிற்கிற ஒரே துப்பாக்கியாக இருக்கலாம். துப்பாக்கி தெரிந்தவர்கள் வந்தால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். ரோண்டா அந்த வருடம் கோப்பையைத் தவறவிட்டாள். வால்நட் கட்டை குழலை எங்கோ அழுத்துகிறதாம். “அழகா இருக்கு, குறிக்கு மேல சுடுது” என்கிறாள். ஆனால் எண்ணெய் தடவுகிறாள். நான் பார்த்தேன்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தைத் திறந்து வைத்து உட்காருவது ஆல்வினின் முறை. போன முறை நானும் இருந்தேன். கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்ட ஒருவர் பாதர்ஸ்ட் ஊரிலிருந்து வந்திருந்தார். பேழையின் முன் குனிந்து, நெற்றி கண்ணாடியில் படும் அளவுக்குப் பார்த்தார்.

“பெரியவரே, இதைத் திருப்பி மாட்டியிருக்காங்க.”

“அப்படியா?”

“ஆமா. அதுவும் போக, பதினெட்டாம் வருஷத்து பாடியில நாப்பத்திமூணாம் வருஷ லீவர் இருக்கு பாருங்க. யாரோ விவரம் தெரியாதவங்க மாத்திட்டாங்க.” விரலை லீவருக்கு நேராகக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினார். “எங்கிட்ட பதினெட்டாம் வருஷ லீவர் ஒண்ணு சும்மா கெடக்கு. அனுப்பி வைக்கட்டுங்களா? மாட்டுனா கச்சிதமா இருக்கும்.”

“வேணாங்க” என்றார் ஆல்வின். “அப்படி ஒரு தடவ மாட்டிப் பாத்தாச்சு.”

அந்த மனிதர் வெளியே போனதும் ஆல்வின் எழுந்து, சட்டைப்பையிலிருந்து துணியை எடுத்து, கண்ணாடியில் பதிந்த விரல் தடத்தைத் துடைத்தார்.